எந்த ஊதா

பதிவு மேசைக்கு முன்னால் தரையில் ஐந்து அம்புகளும் ஒன்றாகத்தான் புறப்படுகின்றன. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா. ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம், நடுவில் நாலு விரல் இடைவெளி. ஒரே வீட்டுப் பிள்ளைகள் மாதிரிக் கொஞ்ச தூரம் சேர்ந்து போய்விட்டு அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. சிவப்பு எடுத்த எடுப்பிலேயே இடப்பக்கம் பாய்ந்துவிடும், அது அவசரப் பிரிவு. மஞ்சள் ரத்தப் பரிசோதனைக்கு. பச்சை மருந்து கொடுக்கும் இடத்துக்கு. மிச்சமிருக்கும் நீலமும் ஊதாவும் நீண்ட நடைகூடத்தின் கடைசிவரை ஜோடியாகப் போய் ஒரு தூணடியில் பிரிகின்றன. வலப்பக்கம் நீலம், சிறுநீரகக் கல் பார்க்கும் பிரிவு. இடப்பக்கம் ஊதா. ஊதா போய்ச் சேரும் இடத்தின் பலகையில் பெயர் கிடையாது, 'பிரிவு ஒன்பது' என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். மற்ற எல்லாப் பிரிவுக்கும் பெயரை எழுதி இதற்கு மட்டும் எண்ணைப் போட்டதில், அந்த நோயின் பெயரை எழுதியிருந்தால்கூட இவ்வளவு பெரிய எழுத்தில் தெரிந்திருக்காது. தூணடியில் கிடந்த இரும்பு நாற்காலியில் மனைவி மங்கையர்க்கரசியை உட்கார வைத்துவிட்டு, எந்த அறை என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொன்ன தில்லைநாயகம் சொன்ன இடத்திலேயே நின்றார். சரியாகச் சொன்னால் இவை அம்புகளே அல்ல, அம்புக்குறிகள். எய்வது அம்பு, காட்டுவது அம்புக்குறி. முப்பத்தொரு வருஷம் அரசாங்கக் கலைச்சொல் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் என்ற முறையில் இதைப் பதிவு மேசைப் பெண்ணிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கு அதற்குத் தெம்பில்லை. "ரொம்ப நேரம் ஆகுமா?" என்று மங்கை கேட்டாள். ஆகாது என்று சொல்லிவிட்டு வலப்பக்கம் திரும்பி நீலத்தின் மேல் காலை வைத்தார்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் அவளிடம் அதைச் சொன்னபோது அவர் பச்சையில் இருந்தார். மாத்திரை வாங்குகிற வரிசையில் முன்னால் நின்ற ஆள், நீங்க என்ன கலரு சார் என்று கேட்டான். இங்கே எல்லோரும் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறார்கள், ஊர் கேட்பதுபோல. நாங்க மஞ்சள், மூணாவது தடவை. எங்க மாமா சிவப்புல வந்து இப்ப நீலத்துல கிடக்காரு. ஊதா என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்டவர் செருப்பைப் பார்த்துக்கொள்கிறார். பிணவறைக்கு அம்பு கிடையாது, அங்கே போகிறவர்கள் வழி கேட்பதில்லை. மாத்திரையோடு அவர் திரும்பி வந்தபோது மங்கை டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்து பைக்குள் சீட்டை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். "வெள்ளிக்கிழமை வரச் சொல்லிருக்காரு. ஊதா அம்பு புடிச்சுப் போகணுமாம்." அவ்வளவுதான் சொன்னாள், காய்கறி என்ன விலை என்று சொல்கிற குரலில். வேறு எந்த மனிதனாக இருந்தாலும் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். தில்லைநாயகத்துக்கு அங்கேதான் ஆரம்பித்தது. ஏனென்றால் அருப்புக்கோட்டையில் பிறந்த மங்கையர்க்கரசிக்கு ஊதா என்றால் நீலம். வானம் ஊதா, பள்ளிக்கூடத்து மை ஊதா, போலீஸ் வண்டியின் சுழல்விளக்கு ஊதா. கும்பகோணத்தில் பிறந்த அவருக்கு ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம், வேறு எதுவும் கிடையாது. டாக்டர் வாயிலிருந்து ஊதா என்ற சொல்தான் வந்ததா, அல்லது அவர் நீலம் என்று சொல்லி அது இவள் காதில் விழுந்து இவள் வாய்வழியாக ஊதாவாக வெளியே வந்ததா? எந்த ஊதா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் எந்த என்று கேட்டால் ஊதா இரண்டு என்று ஆகிவிடும். நாற்பத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் ஊதா ஒன்றுதான் என்று சொல்லி வந்தவர், ஆஸ்பத்திரி நடைகூடத்தில், கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு, அதை எப்படி விட்டுக்கொடுப்பது? அதுதான் காரணம் என்று அன்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அது காரணமில்லை என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும். சீட்டு மூன்று நாளாக வீட்டில் சாமி அலமாரியில் பஞ்சாங்கத்துக்கு அடியில் இருந்தது. அந்த மூன்று நாளில் அவர் வீட்டில் இருந்த அச்செழுத்தையெல்லாம் படித்தார், உப்புப் பொட்டலத்தின் பின்பக்கம் உட்பட. பஞ்சாங்கத்தை மட்டும் நகர்த்தவில்லை.

நீலம் தேய்ந்திருந்தது. நடுவில் சிமெண்டு தெரிகிற அளவுக்குத் தேய்ந்து ஓரங்களில் மட்டும் நிறம் நின்றது. நிறையப் பேர் நடந்திருக்கிறார்கள், நிறையப் பேருக்குக் கல் இருந்திருக்கிறது, கல்லைக் கரைத்துக்கொண்டோ எடுத்துக்கொண்டோ வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இது நல்ல அறிகுறி. தேய்ந்த அம்பு நல்ல அம்பு. எவ்வளவு அற்பமான தர்க்கம் என்று அவருக்கே சிரிப்பு வந்தது, ஆனாலும் தேய்ந்த இடமாகப் பார்த்துக் காலை வைத்தார். கல்லாக இருக்க வேண்டும், கல்லாகவே இருந்துவிட வேண்டும் என்று உள்ளே ஏதோ ஒன்று முணுமுணுத்துக்கொண்டே வந்தது. கோயிலில் கல்லின் முன்னால் நிற்கும்போதுகூட இப்படி முணுமுணுத்தவர் இல்லை அவர். வேலையில் இருந்த காலத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தவர்கள் அவரிடம் அம்பு பற்றி அரைப் பத்தி கேட்டார்கள். அவர் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தார், தலைப்பு 'வண்ண அம்புகள், பெயராகவும் குறியாகவும்'. பனி கொட்டும் ஒரு தேசத்தில் இரவெல்லாம் ஓடுகிற ரயிலுக்குச் சிவப்பு அம்பு என்று பெயர். இன்னொரு தேசத்தில் வாலில் வண்ணப் புகை விட்டுக்கொண்டு கூட்டமாகப் பறந்து வித்தை காட்டும் விமானங்களுக்கும் அதே பெயர், பன்மையில். அதே தேசத்துக்காரர்கள் கருப்பு அம்பு என்று ஒரு ராக்கெட் செய்தார்கள், அது ஒரே ஒரு செயற்கைக்கோளை மேலே ஏற்றியது, அது ஏறுவதற்கு முன்பே திட்டத்தை நிறுத்த முடிவெடுத்துவிட்டார்கள். அவர் அப்பா பீடி பற்றவைத்த தீப்பெட்டியில் பச்சை அம்பு ஒன்று சூரியனைக் குத்திக்கொண்டு நிற்கும். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்குப் பிள்ளைகளை நாலு அம்புகளாகப் பிரித்தார்கள், அவர் மஞ்சள் அம்பு, எல்லாப் போட்டியிலும் மஞ்சள் தோற்றது. சாலை விளக்கில் பச்சை அம்பு விழுந்தால் திரும்பலாம். தொலைக்காட்சியில் பங்குச் சந்தைச் செய்தி வாசிக்கும்போது பச்சை அம்பு மேலே பார்த்தால் யாரோ ஒருவர் சிரிக்கிறார், சிவப்பு அம்பு கீழே பார்த்தால் வேறொருவர் சிரிக்கிறார். நிறத்தைப் போட்டுவிட்டால் அம்புக்கு எய்தவன் தேவையில்லை, இலக்கும் தேவையில்லை என்று முடித்திருந்தார். அந்த வரியில் அவருக்கு ரொம்பப் பெருமை. பதினோரு பக்கமும் திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்பு மையில், 'அம்பு என்பது எய்யப்படுவது, இவ்வளவு போதும்' என்று ஒரு குறிப்புடன்.

அந்தப் பதினோரு பக்கத்தில் மன்மதன் ஒன்றரைப் பக்கம் இருந்தான். அவனுடைய ஐந்து அம்பும் பூ. தாமரை, மாம்பூ, அசோகம், முல்லை, நீலம். முதல் நாலும் நினைக்க வைக்கும், வெளிறவைக்கும், உணர்வை மயக்கும், படுக்கையில் தள்ளும். ஐந்தாவது கொன்றுவிடும். நீலம்தான் கொல்லும். இவ்வளவு நேரம் இது எங்கே ஒளிந்திருந்தது? தில்லைநாயகம் நடைகூடத்தின் நடுவில் நின்றுவிட்டார், பின்னால் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த ஆள் வழி விடச் சொல்லி அவரைச் சுற்றிக்கொண்டு போனான். எல்லாப் புத்தகத்திலும் கொல்கிற அம்பு நீலம், இங்கே பிழைக்க வைக்கிற அம்பு நீலம். இல்லை, அப்படியும் இல்லை, நீலம் என்று அங்கே சொல்வது குவளைப் பூவை, குவளை என்ன நிறம் என்று யார் நிச்சயமாகச் சொல்ல முடியும், வெயிலில் நீலமாகவும் நிழலில் கத்தரிப்பூவாகவும் இருக்கும், அப்படியானால் மன்மதன் கையில் இருந்ததே ஊதா அம்புதானோ, அவள் ஊதாவோ என் ஊதாவோ. இப்படித்தான் மூன்று நாளாக ஓடுகிறது. எந்தச் சொல்லைத் தொட்டாலும் அது அந்தத் தூணடிக்குக் கொண்டுவந்து விட்டுவிடுகிறது. அவள் மெலிந்துவிட்டாள். ரவிக்கையைத் தோளில் ஊசி குத்திச் சுருக்கிப் போட்டுக்கொள்கிறாள், அப்படிக் குத்த ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, அவர் அதை ஒரு மாதமாகப் பார்த்தார், ஊசி என்றுதான் பார்த்தார். கல் இருந்தாலும் மெலிவார்கள். சாப்பாடு பிடிக்காவிட்டால் மெலியத்தானே வேண்டும். அந்த டாக்டர் எந்த ஊர்? கதவில் இசக்கிராஜன் என்று எழுதியிருந்தது. இசக்கி என்றால் திருநெல்வேலிக்குத் தெற்கே. தெற்கத்திக்காரர் வாயில் ஊதா நீலமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அந்தப் பெயரை மூன்று நாளாகத் தாயத்து மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். தெற்கத்திக்காரர்களுக்கு நிறம் தெரியாது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருப்பார்.

கல்யாணமான முதல் வருஷம் தீபாவளிக்கு ஊதா நிறத்தில் சேலை வேண்டும் என்று அவள் கேட்டாள். அவர் கத்தரிப்பூ நிறத்தில் வாங்கி வந்தார். பிரித்துப் பார்த்துவிட்டு, நான் ஊதால்ல கேட்டேன் என்றாள். இதுதான் ஊதா என்றார். இது கத்தரிப்பூ கலரு என்றாள். அன்றைக்கு ஆரம்பித்தது, தீபாவளிப் பட்டாசோடு முடியவில்லை. வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். எங்க வீட்டம்மாவுக்கு வானவில்லில் ஆறு நிறம்தான் என்றார். அவளும் சிரிப்பாள், காபித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். மகளுக்கு நிறம் சொல்லிக்கொடுத்தபோது மங்கை சொன்னதை இவர் அடித்துத் திருத்தினார், பிள்ளை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஊதா என்ற சொல்லையே விட்டுவிட்டது, இன்றைக்கும் புளூ, வயலட் என்றுதான் சொல்கிறது. அவர் செய்த தமிழ்த் தொண்டில் அதுவும் ஒன்று. பிறகு அலுவலகத்தில் நிறப்பெயர்க் குழு போட்டார்கள், ஏழு பேர், மூன்று அமர்வு. மதுரைக் கல்லூரியில் வேதியியல் நடத்திய சண்முகவடிவேல் என்ற தங்கமான மனுஷன் எழுந்து, எங்க பக்கம் ஊதான்னா நீலம்தாங்க, பரிசோதனைக் கூடத்தில் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்று மன்றாடினார். ஐயா பக்கத்தில் கடலும் கத்தரிக்காயும் ஒரே நிறமா என்று தில்லைநாயகம் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஊதா என்றால் கத்தரிப்பூ நிறம் மட்டுமே என்று எழுதிக் கையெழுத்தாயிற்று. வீட்டுக்கு வந்து மங்கையிடம், உன் கட்சி தோத்துப்போச்சு என்றார். அப்படியா, சாப்பிட வாங்க என்றாள். அவள் கட்சி ஜெயித்திருக்கக் கூடாதா? ஒரு நாள், இன்றைக்கு ஒரு நாள் மட்டும், இந்தச் சொல்லுக்கு அவள் சொன்ன பொருளே இருந்துவிட்டுப் போகட்டும். நான் எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிடுகிறேன். சண்முகவடிவேல் உயிரோடு இருந்தால் தேடிப் போய்க் காலில் விழுகிறேன். வானம் ஊதா. மை ஊதா. கல் ஊதா.

நீலம் ஒரு கண்ணாடிச் சன்னலின் அடியில் போய் முட்டி நின்றது. உள்ளே இருந்த குமாஸ்தா கட்டைவிரலில் தண்ணீர் தொட்டுப் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். தில்லைநாயகம் பெயரைச் சொன்னார். மங்கையர்க்கரசி, அறுபத்து நாலு வயது, டாக்டர் இசக்கிராஜன் அனுப்பியது. குமாஸ்தா இன்றைய பக்கத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கினார். அந்த விரல் இறங்க இறங்க தில்லைநாயகம் ஒவ்வொரு பெயராகத் தலைகீழாகப் படித்தார், மனைவியின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்குப் பதிலாக முத்துலெட்சுமியில் 'லெ' சரியா 'ல' சரியா என்று ஒரு பழைய கேள்வி நடுவில் வந்து நின்றது. இல்லை என்றார் குமாஸ்தா. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். அவர் பார்த்தார், நல்ல மனிதர். "இசக்கிராஜன் சார் இங்க அனுப்புனா காலைலயே லிஸ்ட் வந்துரும் ஐயா. சீட்டு வச்சிருக்கீங்களா?" சீட்டு அவளிடம் இருக்கிறது என்றார். "அதுல கலரு போட்டிருக்குமே." தெரியும் என்றார். குமாஸ்தா பேரேட்டை மூடாமல், அதன் மேல் கையை வைத்துக்கொண்டு, அவருடைய செருப்பைப் பார்த்தார்.

திரும்பும்போது அம்புகள் எதிரே வந்தன. ஒவ்வொரு முனையும் அவரைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. லிஸ்டில் விட்டுப்போயிருக்கலாம். எழுத்துப்பிழையாக இருக்கலாம், மங்கையற்கரசி என்று வல்லின றகரம் போட்டு எழுதி வேறு எங்கோ சேர்ந்திருக்கலாம், அப்படிப் பிழை செய்பவர்கள் பத்துக்கு ஏழு பேர். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிழை இருக்க வேண்டுமே என்று ஏங்கினார். அவளிடம் என்ன சொல்வது, இன்னும் திறக்கவில்லை என்று சொல்லலாம், மத்தியானம் வரச் சொன்னார்கள் என்று சொல்லிக் கேன்டீனுக்குக் கூட்டிப்போய்ப் பூரி வாங்கிக் கொடுக்கலாம், பூரி அவளுக்குப் பிடிக்கும், பூரி சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கே போய்விடலாம். தூணடிக்கு வந்தார். இரும்பு நாற்காலி காலியாக இருந்தது. அடுத்த நாற்காலியில் தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு மணப்பாறைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி, ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானாகவே சொன்னாள். "அக்கா ஊதாவுல போயிட்டாங்க."

"எந்த ஊதா?"

கேட்டுவிட்டார். அந்த அம்மாளுக்குக் கேள்வி புரியவில்லை. ஊதாவுல ஏது ரெண்டு என்பதுபோல ஒரு கணம் பார்த்தாள். பிறகு இடப்பக்கம் மோவாயால் காட்டினாள்.

இந்தப் பக்கத்து அம்பு தேயவே இல்லை. பெயிண்டு நேற்று அடித்ததுபோல முழுசாக இருந்தது, ஜனங்கள் அதன் மேல் மிதிக்காமல் ஓரமாக நடந்து போகிறார்கள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. அவரும் ஓரமாகவே நடந்தார். வழியில் பேச்சுச் சத்தம் இல்லை. கடைசியில் ஒரு கதவு, கதவுக்கு வெளியே பெஞ்சு. அதில் மங்கை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பேருந்துக்குக் காத்திருப்பவள்போல. சீட்டு அவள் கையில் வெளியே இருந்தது. அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது.

"இங்க ஏன் வந்த? நான் வரதுக்குள்ள?"

"நீங்க அந்தப் பக்கம் போனதைப் பாத்தேன். ஒரு தடவை போயிட்டுத்தான் வரட்டும்னு விட்டேன்."

"டாக்டர் ஊதான்னுதானே சொன்னாரு? அவரு தெற்கத்தி ஆளு."

"ஊதான்னுதான் சொன்னாரு. எனக்கும் சந்தேகம். நீலமா தம்பின்னு கேட்டேன். இல்லம்மா, கத்தரிப்பூ கலருன்னாரு." சீட்டை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். "உங்க ஊதாதாங்க."

"செவ்வாக்கிழமையே சொல்லியிருக்கலாமே."

"சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க மாத்திரையோட நிக்கிறீங்க. இவ்வளவு நாள் கழிச்சு நீங்க ஜெயிச்சுட்டீங்கன்னு எந்த வாயால சொல்ல?" இதைச் சொல்லும்போது அவள் வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்து போனது. குத்துவதற்காகச் சிரித்தாளா, தேற்றுவதற்காகவா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல்தான் இருக்கிறது.

ஏதாவது சொல்ல வேண்டும். பயப்படாதே என்று சொல்ல வேண்டும், நான் இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும், மனிதர்கள் சொல்கிற எவ்வளவோ இருக்கிறது. அவர் தொண்டையில் வந்து நின்றது வேறு. அலுவலகத்து நூலகத்தில் கீழ்த்தட்டில் பல தொகுதியாக ஒரு பழைய பெரிய அகராதி இருந்தது, குழுக் கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் அதைத் தனியாகப் புரட்டினார். ஊதா என்ற சொல்லுக்கு அதில் இரண்டு பொருள் போட்டிருந்தது. முதல் பொருள் நீலம். இரண்டாவதுதான் கத்தரிப்பூ நிறம். மூடித் திரும்பவும் கீழ்த்தட்டிலேயே வைத்துவிட்டார், மறுநாள் கூட்டத்துக்கு வேறு அகராதிகளை எடுத்துப் போனார். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"மங்கை, ஊதான்னா நீலம்னும் உண்டு" என்றார். "நீ சொன்னதும் சரிதான். அகராதியிலயே இருக்கு. அதுதான் முதல்ல இருக்கு."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள், எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல. "அப்பவே தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்று தலையாட்டினார்.

"சரி" என்றாள். "இப்ப அதை வச்சு நான் என்ன செய்ய?"

கதவைத் திறந்து நர்ஸ் பெயரைக் கூப்பிட்டாள், ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லாமல். மங்கையர்க்கரசி எழுந்தாள், தோளில் ஊசி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு, பையை அவர் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் கூடவே எழுந்து இரண்டு அடி வைத்தார், அவளோடு உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியாமல் வாசலில் நின்றார், அவள் முதுகைப் பார்த்து ஏதோ சொன்னார். என்ன சார் என்று நர்ஸ் கேட்டாள். அவர் சொல்லிக்கொண்டிருந்தது அந்த அகராதியின் பக்க எண். கதவு மூடுவதற்குள், எந்தத் தொகுதி என்பதையும் சொல்லி முடித்துவிட்டார்.